மூணு எடத்துலயும் நான்தான்

லில்லியக்கா செத்துப்போன சேதிய எனக்கு மொதல்ல சொன்னது ஒரு போலீஸ்காரரு. சொன்னாருன்னு கூட சொல்ல முடியாது, கேட்டாரு. காட்பாடி ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளிய லோடு எறக்கிட்டு நின்னுட்டிருந்தேன். போன் வந்துச்சு.

"தம்பி, அந்தம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்களாமே, நெஜமா? கொஞ்சம் கன்ஃபார்ம் பண்ணிச் சொல்லுப்பா. மேல ரிப்போர்ட் அனுப்பணும்."

அவரு உளவுப் பிரிவு ஏட்டு. லில்லியக்கா எங்க போனாலும் பழைய மொபெட்ல பின்னாலயே வருவாரு. வருஷக்கணக்கா வந்து வந்து அவங்களுக்குள்ள ஒரு பழக்கமே ஆகிப்போச்சு. வெளியூருல கூட்டம்னா அக்காவே முந்தின நாளு அவருக்குப் போன் போட்டு, "சார், நாளைக்கு நாட்றம்பள்ளி. அங்க நல்ல சோறு கெடைக்காது, வீட்ல கட்டிக்கிட்டு வாங்க"ன்னு சொல்லிடுவாங்க.

"எனக்குத் தெரியாது சார்"ன்னு கட் பண்ணிட்டு அக்கா நம்பருக்கு அடிச்சேன். வார்டுல இருந்த நர்ஸு எடுத்தாங்க. "நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்வியிலயே தெரிஞ்சிபோச்சு. வண்டிய திருப்பிட்டேன். ஏட்டுக்கு நான் கூப்புடல. அவங்க உயிரோட இருந்தப்பவே அவங்களப் பத்தி ஒரு விஷயத்தையும் நான் கன்ஃபார்ம் பண்ணதில்ல.

அவங்களத் தெரிஞ்சவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேரு அவங்களத் திட்டுனவங்கன்றதும் எனக்குத் தெரியும். அவங்களும் படிக்கட்டும். தெரியாதவங்களுக்கும் சேத்து சொல்லிடுறேன். லில்லிபுஷ்பம், யோசேப்பு மக. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில தையல் மெஷின்ல உக்காந்தவங்க. புருஷன் சீக்கிரமே போய்ட்டாரு, ஒரே பொண்ணு. லைன்ல இருக்குற பொம்பளைங்க பாத்ரூம் போறதுக்குக் கூட சூப்பர்வைசர் கிட்ட டோக்கன் வாங்கணும்னு வச்சப்போ, டோக்கன மொத்தமா எடுத்துக் குப்பையில கொட்டுனாங்க. வேலை போச்சு. அப்புறம் தோல் ஃபேக்டரி தண்ணி கெணத்துல கலக்குதுன்னு கேஸு போட்டாங்க. கோர்ட்டு சில ஃபேக்டரிய மூடச் சொல்லிச்சு. அதுல ஒண்ணுலதான் எங்கப்பா வேலை செஞ்சாரு.

எங்கப்பா அவங்கள மூணு தெருவுக்குக் கேக்குற மாதிரி திட்டுவாரு. "தண்ணி நல்லாயிடுச்சாம். சோறு யாரு போடுவா, தண்ணியையே குடிச்சிக்கிட்டு படுக்கச் சொல்லு அவள." அந்த வீட்ல வளந்தவன் நான். லில்லியக்கா நல்லவங்க, தியாகின்னு யாராச்சும் பேசுனா எனக்கு ஒத்துக்காது. அவங்களுக்கும் ஒத்துக்காது. "நல்லவங்கன்னு சொல்லாதடா. நல்லவங்கன்னா மாலை போட்டு அனுப்பிடுவானுங்க. கெட்டவன்னு சொல்லு, கொஞ்சம் பயப்படுவானுங்க"ன்னுவாங்க.

நான் இன்ஜினீரிங் காலேஜ பாதியில வுட்டுட்டு தெருவுல சுத்திட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு பைக் இருந்துச்சு, வேலை இல்ல. ஒரு நாளு பஸ்ஸு ஸ்டாப்புல அவங்க கைய நீட்டி நிறுத்துனாங்க.

"டேய், நீ அந்த அர இன்ஜினீரு தான?"

"உங்களால எங்கப்பாவுக்கு வேலை போச்சு."

"தெரியும். வேலூர் போகணும், பஸ்ஸு வரல. திட்டிக்கிட்டே ஓட்டு, எனக்கு ஒண்ணும் இல்ல."

அப்படியே ஏறி உக்காந்துட்டாங்க. நானும் பள்ளிகொண்டா வரைக்கும் திட்டுனேன். அதுக்கப்புறம் சொல்றதுக்கு இன்னும் இன்னா இருக்குன்னு யோசிச்சிட்டிருந்தேன். அவங்க பின்னாலேந்து, "முடிஞ்சிதா? காலையில ஏதாவது சாப்டியா? கோவத்த வெறும் வயித்துல வச்சிக்காத, உன்னயே தின்னுடும்"னு சொன்னாங்க. அன்னிக்கு அவங்க போனது பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ண. ஒரு வருஷத்துக்கு மேல அந்த ஒரே வேலைக்காக நான் வண்டி ஓட்டப்போறேன்னு அப்போ எனக்குத் தெரியாது.

ஆமா, லில்லியக்கா ஊர விட்டுப் போகத்தான் பாத்தாங்க. இத மறைச்சிப் பேசுறவங்க இருக்காங்க, கடைசி மூச்சு வரைக்கும் மண்ண விட்டு நகரலன்னு போஸ்டர்ல போட்ருக்காங்க. பொய்யி. அவங்க பொண்ணு ஜெனி நர்ஸு படிச்சிட்டு கனடா போச்சு, அங்கயே கல்யாணம், அங்கயே வீடு. வயித்துல புள்ள. "வாம்மா, வந்து எங்கூடவே இருந்துடு"ன்னு கூப்புட்டுச்சு. அக்காவுக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பிச்ச நேரம். "எனக்குப் போராட்டம் போதும்டா. எம் பொண்ணு ஆக்கிப்போட்டு நான் உக்காந்து திங்கணும்"னு எங்கிட்ட நேராவே சொன்னாங்க. வேலூர் ரோட்டோரம் ஸ்வெட்டர் விக்கிறவங்ககிட்ட ஒரு செவப்பு ஸ்வெட்டர் வாங்கி, சித்திர வெயில்ல போட்டுப் பாத்து, வேர்த்து ஊத்த நின்னு, "கையி கொஞ்சம் நீளம், இல்ல?"ன்னு கேட்டவங்க அவங்க. போகணும்னு அவ்ளோ ஆசை.

பாஸ்போர்ட்டுக்கு வீட்டுக்கு வந்து போலீஸு விசாரிக்கும், தெருவுல ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். எதிர்வீட்டுக்காரரு கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, எம் பையன் அந்தக் கம்பெனிலதான் இருக்கான்"னுட்டாரு. இன்னொரு வீட்ல ஆளே இல்லாத மாதிரி டிவிய அமுத்திட்டாங்க. கடைசியில ஒரு கையெழுத்து சர்ச்சு ஐயர் போட்டாரு. இன்னொண்ணு யாரு போட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? எங்கப்பா. லுங்கிய மடிச்சிக் கட்டிக்கிட்டு வேகமா வந்தாரு.

"எங்க போடணும் சார்? இங்கயா? இன்னும் எங்கயாச்சும் போடணுமா?"

"ரொம்ப நன்றிண்ணே"ன்னாங்க அக்கா.

"நன்றி எல்லாம் வேணாம். சீக்கிரம் கெளம்பு. நீ போனாத்தான் ஊரு உருப்படும்."

அக்கா சிரிச்ச சிரிப்புல இருமலே வந்துடுச்சு. "உங்கப்பன் ஒருத்தன்தாண்டா நான் போறதுக்கு மனசார கையெழுத்துப் போட்டவன்"னு ரொம்ப நாளு சொல்லிட்டிருந்தாங்க.

ஆனா பாஸ்போர்ட்டு வரல. அவங்க பேருல கேஸு இருக்குதுன்னு ரிப்போர்ட்டு போச்சு. மறியல் கேஸு, தடைய மீறுன கேஸு, அரசு ஊழியர வேலை செய்யவுடல கேஸுன்னு ஒரு மூட்டை. அதுல பாதி அவங்க பண்ணது, அதப் பத்தி அவங்களுக்கு வருத்தம் இல்ல. மீதியப் பத்தித்தான் நான் சொல்லணும்.

நான் ஸ்கூல்ல இருந்தப்ப ஒரு பெரிய மறியல் நடந்துச்சு. ஆம்பூர் பைபாஸ், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு மூணு எடத்துல ஒரே நேரத்துல பொம்பளைங்க ரோட்ல உக்காந்தாங்க. நம்ம ஊருல மறியல்னா எப்படின்னு உங்களுக்கே தெரியும். வேன்ல ஏத்துவாங்க, கல்யாண மண்டபத்துல அடைப்பாங்க, ஒரு பொட்டலம் புளிசாதம் குடுப்பாங்க, பேரும் அப்பா பேரும் எழுதிக்கிட்டு சாயங்காலம் வுட்டுடுவாங்க. ஆனா அங்க எழுதுற பேரு அடுத்த ஷிஃப்ட்டுக்குள்ள கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். கார்டு ஸ்வைப் ஆவாது, கேட்லயே நிறுத்திடுவான். அதனால அக்கா மொதல்லயே எல்லாருகிட்டயும் ஒண்ணு சொல்லி வச்சிருந்தாங்க: "வேலை போறதுக்குப் பயமா இருந்தா எம் பேரச் சொல்லு. எங்கப்பா பேரச் சொல்லு. எம் பேருக்குப் போறதுக்கு வேலை இல்ல."

பொம்பளைங்களும் அப்படியே சொல்லிட்டாங்க. மூணு மண்டபத்துலயும் சொல்லிட்டாங்க. ஒரு எடத்துல புர்கா போட்டிருந்த ஒரு அம்மா, கொஞ்சம் கூட அசராம, "லில்லிபுஷ்பம், தகப்பனாரு யோசேப்பு"ன்னாங்களாம். எழுதுற போலீஸு ரைட்டரு நிமுந்து பாத்துட்டு, "எந்த சர்ச்சும்மா?"ன்னு கேட்டாராம். அந்தம்மா, "இன்னா சார் பேஜாரு, பேரு கேட்டீங்க சொல்லிட்டேன், சர்ச்சு எல்லாம் எதுக்கு?"ன்னுட்டாங்க. இதச் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க அக்கா. அன்னிக்கு யாருக்கும் இது தப்பாத் தெரியல. சாமர்த்தியமாத்தான் தெரிஞ்சிருக்கு. இவங்களுக்கு ஒரு நாளு பாஸ்போர்ட்டு வேண்டியிருக்கும்னு எவன் நெனச்சான்?

ஒரு நாளு இன்ஸ்பெக்டர் கூப்புட்டு அனுப்புனாரு. பக்கத்துலயே நான் நின்னேன். அவரு கெட்ட ஆளாத் தெரியல, அதுதான் இன்னும் பேஜாரு.

"ஏம்மா, ஒரே நாளு, ஒரே நேரம், மூணு ஊரு. ஹெலிகாப்டர்ல போனீங்களா?"

"பஸ்ஸுலதான் சார்."

"விளையாடாதீங்க. எந்த எடத்துல நீங்க இல்லன்னு சொல்லுங்க. அங்க உங்க பேரக் குடுத்தது யாருன்னு சொல்லுங்க. அந்த எடத்துலேந்து உங்க பேர எடுக்க நானே எழுதுறேன். மீதி சில்லறக் கேஸு, கோர்ட்டுல பர்மிஷன் வாங்கிடலாம். பொண்ணு மாசமா இருக்குதாமே? பிரசவத்துக்குள்ள போய்டலாம்."

அக்கா ஃபேனப் பாத்தாங்க. சொல்லிடுவாங்களோன்னு எனக்குப் பயம் இல்ல. சொல்லிடட்டுமேன்னுதான் இருந்துச்சு.

"மூணு எடத்துலயும் நான்தான் சார். எழுதிக்குங்க."

வெளிய வந்து நான் கத்துனேன். "பேரு வேணாம், நான் அங்க இல்லன்னு மட்டும் சொல்றதுக்கு இன்னா?" வக்கீலும் அதையேதான் சொல்லியிருந்தாரு. அக்கா பைக்க புடிச்சிக்கிட்டு மூச்சு வாங்குனாங்க. அப்புறம் சொன்னாங்க, "நான் இல்லன்னா வேற யாருன்னு தேடுவான். அன்னிக்கு எவ லீவு போட்டான்னு கம்பெனி ரெஜிஸ்டர்ல ஒரு நிமிஷத்துல பாத்துடுவான். பொய்ப் பேரு குடுத்தான்னு புதுக் கேஸு, அதுக்கு மேல வேலையும் போச்சு. நாந்தான சொல்லச் சொன்னேன்? நான் குடுத்த பேர நானே எப்படிடா திருப்பி வாங்குறது?"

அடுத்த வாரம் என்னய வண்டிய எடுக்கச் சொன்னாங்க. போன்ல பேசினா ஒட்டுக் கேப்பானுங்கன்னு, அவங்க பேரக் குடுத்த அந்தப் பொம்பளைங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேராப் போனோம். "போலீஸு கிளறுது. ஒண்ணும் ஆவாது, நான் ஒத்துக்கிட்டேன். யாராச்சும் வந்து கேட்டா வாயத் தொறக்காத"ன்னு சொல்லத்தான் அந்தப் பயணம். ஒரு வீட்ல தக்காளி சோறு போட்டாங்க. ஒரு வீட்ல கதவ முழுசாத் தொறக்கல, சந்துலயே பேசி அனுப்பிட்டாங்க. ஒரு அக்கா மட்டும் அழுதுட்டு, "நான் வந்து ஒத்துக்குறேன்க்கா, நீங்க பொண்ணு கிட்டப் போங்க"ன்னாங்க. லில்லியக்காவுக்கு வந்துச்சே கோவம்!

"உம் பொண்ணு பிளஸ் டூ, உம் புருஷன் குடிகாரன், உன் சம்பளம் நின்னா ஒரே வாரத்துல அவளத் தாம்பாளத்துல வச்சிக் கட்டிக் குடுத்துடுவான். வாய மூடிக்கிட்டு வேலைக்குப் போ."

அப்படித்தான் எனக்கு அவங்க எல்லாரையும் தெரியும். வீடு தெரியும், பேரு தெரியும்.

இதுக்கு நடுவுல கட்சிக்காரன் ஒருத்தன் வந்தான். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, எல்லாக் கட்சியிலயும் அவன மாதிரி ஒருத்தன் இருக்கான். "மேடம், ஒரே ஒரு வீடியோ. என்னய வெளிநாட்டு ஆளுங்க தூண்டிவுட்டாங்க, தோல் தொழிலுக்கு நான் கெட்டது பண்ணிட்டேன்னு நீங்களே சொல்லிடுங்க. ஒரே மாசம், பாஸ்போர்ட்டு உங்க கையில"ன்னான். அதே வாரம் தெருவெல்லாம் அவனுங்க ஆளு ஒட்டுன போஸ்டர்: வெளிநாட்டுக் காசுல ஃபேக்டரிய மூடுனவ வெளிநாட்டுக்கே ஓடுறான்னு. அக்கா அவனப் பாத்து சொன்னத நான் மறக்க மாட்டேன். "போ போன்னு சொல்றவனும் நீதான், வழிய அடைச்சிக்கிட்டு நிக்கிறவனும் நீதான். தள்ளு கண்ணு, காத்து வரட்டும்."

கோர்ட்டுக்கு அலைஞ்சோம். ஒரு எடத்துல நீதிபதி லீவு, ஒரு எடத்துல ஃபைல் காணல, ஒரு எடத்துல அரசு வக்கீலு "இவங்க வெளிய போய் நாட்டப் பத்தித் தப்பாப் பேசுவாங்க"ன்னு எதுத்தாரு. கனடாக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. போலீஸு சான்றிதழ் சுத்தமா இல்லாம ஒரு அடி நகராதுன்னு ஜெனிக்கு மெயில் வந்துச்சு. ரோட்ல உக்காந்ததும் வீடு பூந்து திருடுனதும் அவனுக்கு ஒரே கணக்கு.

குழந்தை பொறந்துச்சு. போன்லதான் பாத்தாங்க. ஆம்பளப் புள்ள. அக்கா சத்தமாப் பேசுவாங்க, தூரத்துல இருக்குற ஆளக் கூப்புடுற மாதிரி. அது கண்ண மூடிக்கிட்டு இருக்கும். "தூங்குறாம்மா"ன்னு ஜெனி சொல்லும். "தூங்கட்டும், நான் பாத்துட்டிருக்கேன், நீ போன வைக்காத"ன்னு அவங்க. அப்படியே சார்ஜு தீர வரைக்கும் பாத்துட்டிருப்பாங்க. கடைசி மழைக்கு நெஞ்சு சுத்தமா அடைச்சிக்கிச்சு. ஆக்சிஜன் வச்சாங்க. மாஸ்க்க எடுத்துட்டு என்னக் கேட்டது, "பேரணாம்பட்டு கேஸு வாய்தா எப்போ?"ன்னுதான். பெருசா வேற எதுவும் சொல்லல. பெருசா சொல்றதுக்கு மூச்சு வேணும் இல்ல.

ஜெனி வர்ற வரைக்கும் ஐஸ் பொட்டியில வச்சிருந்தோம். கைக்குழந்தையோட ரெண்டு ஃப்ளைட்டு மாறி வந்துச்சு. வந்து அழவே இல்ல. பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துச்சு, குழந்தையத் தூக்கி கண்ணாடிக்கு நேராக் காட்டிச்சு. அந்தக் காட்சிய விவரிக்கச் சொல்லாதீங்க, என்னால முடியாது. எங்கப்பா வாசல்ல ஷாமியானா கயித்தக் கட்டிக்கிட்டே இருந்தாரு. கட்டுன கயித்தையே மறுபடி அவுத்துக் கட்டுனாரு.

கொஞ்ச நேரம் கழிச்சி ஜெனி என்னக் கூப்புட்டுச்சு.

"டேய், எங்கம்மா எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுவாங்க. அந்தப் பேருங்கள மட்டும் சொல்லல. நீதான வண்டியில இட்டுக்கினு போன? உனக்குத் தெரியும்."

நான் வாசல்ல கயிறு கட்டுற எங்கப்பாவப் பாத்தேன்.

"சண்ட போட மாட்டேன். போலீஸுக்கும் சொல்ல மாட்டேன், செத்தவங்க மேல கேஸு ஏது இனிமே. எம் புள்ளைய எங்கம்மா கையில குடுக்க முடியாமப் போச்சு இல்ல, அது யாருக்காகன்னு தெரியணும். அவங்க மூஞ்சிய ஒரு வாட்டி பாக்கணும். அவ்ளோதாண்டா."

அந்தப் பொம்பளைங்க அங்கதான் இருந்தாங்க. லீவு கெடச்சவங்க வந்திருந்தாங்க. ஒருத்தங்க பொட்டியத் தொறக்கச் சொல்லி, அக்கா தலைய சீவி வுட்டுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தங்க கால்மாட்டுல உக்காந்து சத்தம் வராம அழுதாங்க. இன்னொருத்தங்க எல்லாருக்கும் டீ குடுத்துக்கிட்டே எங்க கிட்ட வந்து, ஜெனி கையில டம்ளர வச்சி, "குடிம்மா, பால் குடுக்குற ஒடம்பு, வெறும் வயித்துல இருக்காத"ன்னாங்க. ஜெனி வாங்கிக்கிச்சு. "தேங்க்ஸ்க்கா"ன்னுச்சு.

டீ குடுத்தவங்க என்னப் பாத்தாங்க. நான் ஜெனியப் பாத்தேன்.

"எனக்குத் தெரியாதுக்கா."

நம்பல அது. நம்பாமத்தான் போச்சு. ஏர்போர்ட்டுக்கு நாந்தான் கொண்டு வுட்டேன், ஜெனி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துச்சு. கோவப்பட அதுக்கு உரிமை இருக்கு. அது கேட்டது நியாயமான கேள்வி, நான் சொன்னது பொய்யி. அக்கா பண்ணது சரியான்னு என்னக் கேட்டா அதுவும் எனக்குத் தெரியல. ஒரு பாட்டிய ஒரு புள்ளகிட்டேந்து புடுங்கி, கொஞ்சம் பேரோட வேலையக் காப்பாத்துனது எந்தத் தராசுல நிக்கும்?

நெனவு மலருக்குன்னு ஆளாளுக்கு அவங்க ஞாபகமா இன்னா வச்சிருக்கீங்கன்னு கேட்டு எழுதச் சொன்னாங்க. போட்டோ, கொடி, பேச்சு ரெக்கார்டிங் எல்லாம் உங்ககிட்ட இருக்கும். எங்கிட்ட இருக்குறது அந்தப் பொம்பளைங்க பேரு. இன்னிக்கும் காலையில கம்பெனி பஸ்ஸு வந்து நின்னா, அவங்க கையில டிஃபன் பையோட ஏறிப் போறாங்க. நான் லோடு வண்டியில தாண்டிப் போறப்ப ஹாரன் அடிக்கிறதில்ல, பாக்குறதும் இல்ல. வாயத் தொறந்தா பேரு வந்துடும்னு பல்லக் கடிச்சிக்கிட்டுப் போறேன்.